முதலில் நகுலன்

வியாச பாரதத்தின் சபா பருவத்தில் தருமன் தம்பிகளைப் பணயம் வைக்கும் வரிசையை நின்று பார்க்க வேண்டும். முதலில் நகுலனை வைக்கிறான், தோற்கிறான். அடுத்து சகாதேவன், அவனும் போகிறான். அந்த இடத்தில் சகுனி ஒரு சொல்லை வீசுகிறான். மாத்திரி பெற்ற பிள்ளைகள் இருவரையும் வைத்துவிட்டாய், பீமனும் அர்ச்சுனனும் உனக்கு இவர்களைவிட உசத்தி போலிருக்கிறது என்று பொருள்படும் பேச்சு அது. தருமனுக்குச் சுருக்கென்று தைக்கிறது. ஒற்றுமையாக இருக்கும் எங்களைப் பிரிக்கப் பார்க்கிறாய் என்று சீறுகிறான். சீறிவிட்டு அர்ச்சுனனை வைக்கிறான், பிறகு பீமனை, பிறகு தன்னை. தானும் அடிமையான பிறகு, வைப்பதற்குத் திரௌபதி மட்டும் மிச்சம்.

சகுனி கெட்டவன்தான். ஆனாலும் அந்த ஒரு நொடியில் அவன் கண்ணுக்குப் பட்டது பொய் இல்லை. எதை முதலில் இழக்கத் துணிகிறோம் என்பதில் யார் நமக்கு எத்தனை முக்கியம் என்பது வெளிவந்துவிடும். ஐந்து பேர் ஒன்றாக வளர்ந்து, ஒன்றாகக் காட்டில் அலைந்து, ஒரே பெண்ணை மணந்த கூட்டத்திலும் யாரை முதலில் விடலாம் என்ற கணக்கு தலைவன் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

இந்த வரிசை என்னை அலைக்கழிக்கத் தொடங்கியது ஒரு வீடியோ கேமால்.

என் அக்கா மகன் சேதராப்பட்டில் இருக்கிறான். பிப்டிக் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. பாண்டிச்சேரி என்றால் கடற்கரைச் சாலையும் மஞ்சள் சுவர்களும்தான் என்று நினைத்து வருகிறவர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை. ஊசுட்டேரியைத் தாண்டி, மயிலம் போகிற சாலையில் வரவேண்டும். திருவக்கரைப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றிய லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பாண்டி நிலம் துண்டு துண்டாகத் தமிழ்நாட்டுக்குள் கிடப்பதால், எந்த இடத்தில் எந்த அரசு என்பதைக் கடைகளின் பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வானூர், திண்டிவனம், மயிலம் பக்கத்துப் பையன்கள் இங்கே வந்து ரூம் எடுத்துத் தங்கி ஷிப்டுக்குப் போகிறார்கள். அவன் ரூமிலும் அப்படி நாலு பேர். செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப் ஒன்று இருக்கிறது. புதிய கேம் எதுவும் அதில் ஓடாது. அதனால் 2009இல் வந்த டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. நைட் ஷிப்டு முடித்து வருகிறவன் கொஞ்ச நேரம், பகல் ஷிப்டு முடித்து வருகிறவன் கொஞ்ச நேரம். ஆடுவது ஒருவன் என்றாலும் முடிவெடுப்பது நாலு பேரும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்கு அந்த வாக்குவாதங்கள்தான் முதலில் பிடித்துப்போயின.

அந்த வகை விளையாட்டின் கதை நீளமானது. அமெரிக்காவில் 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டை வெளியிட்டார்கள். முதலில் அச்சிட்டது 1000 பிரதிகள்தான். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, ஒருவர் கதை சொல்ல மற்றவர்கள் அதற்குள் நடமாடுவது. ஒருவன் வாள் பிடிப்பான், ஒருவன் மந்திரம் போடுவான், ஒருவன் பூட்டுத் திறப்பான், ஒருவன் காயம் ஆற்றுவான். எல்லாம் தெரிந்த ஒருவன் கிடையாது. அடி விழுந்ததா, தவறியதா என்பதைப் பகடை சொல்லும். கனடாவின் எட்மன்டனில் 1995இல் தொடங்கப்பட்ட பயோவேர் நிறுவனம் அதைக் கணினிக்குள் கொண்டுவந்தது. அதைத் தொடங்கியவர்களில் ரே முசைக்காவும் கிரெக் ஸெஷுக்கும் மருத்துவம் படித்தவர்கள். 1998இல் வந்த அவர்களுடைய 'பால்டர்ஸ் கேட்' விளையாட்டில் ஆறு பேர் சேர்ந்து போகலாம். பதினொரு ஆண்டு கழித்து வந்த ஒரிஜின்ஸில் நாலு பேர். நாம் ஒருவர், நம்மோடு வருகிறவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் பாசறையில் தங்கிவிட வேண்டும்.

சண்டை நடக்கும் விதத்தைக் கிட்டத்தில் பார்த்தால்தான் அதன் அருமை புரியும். கேடயக்காரன் முன்னால் போய் எதிரிகளின் கோபத்தைத் தன் மேல் வாங்கிக்கொள்கிறான். அவன் அடி வாங்கும் நேரத்தில் மற்றவர்கள் வேலையை முடிக்க வேண்டும். கீபோர்டில் நீளப் பட்டனைத் தட்டினால் எல்லாம் உறைந்து நிற்கும். ஒவ்வொருவர் உடம்புக்குள்ளும் போய், நீ இதைச் செய், நீ அங்கே நில் என்று சொல்லிவிட்டு மறுபடி ஓடவிடலாம். அது போதாதென்று ஒவ்வொரு துணைவருக்கும் முன்கூட்டியே கட்டளை எழுதி வைக்கும் பக்கம் ஒன்றும் உண்டு. 'நம்மவர் யாருக்காவது உயிர் கால்வாசிக்குக் கீழே போனால், ஆற்று.' 'எதிரி மந்திரக்காரனாக இருந்தால், அவனை முதலில் அடி.' வரிசையில் மேலே எழுதியது முதலில் நடக்கும். ஆக, யாரை முதலில் காப்பாற்றுவது என்பதைச் சண்டைக்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். நம் மந்திரக்காரி விடும் நெருப்பு நம் ஆட்களையும் சுடும். அவள் எங்கே நிற்கிறாள், நம் கேடயக்காரன் எங்கே நிற்கிறான் என்று பார்க்காமல் தீயைக் கொட்டினால் எதிரியோடு சேர்ந்து நம்மவனும் விழுவான். விழுந்தவன் சண்டை முடிந்ததும் எழுந்துவிடுவான், ஆனால் ஒரு காயத்தோடு எழுவான். மருந்துக்கட்டுப் போடும் வரை அந்தக் காயம் அவனோடு நடக்கும்.

இதெல்லாம் போர்க் கணக்கு. அந்தக் கணக்கை எழுதுகிறவர்கள் பல பேர் உண்டு. ஒரிஜின்ஸ் என் மனதில் தங்கியது பாசறையால்.

இரவு எல்லோரும் தீ மூட்டி உட்காருகிறார்கள். ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசலாம். பகலில் நாம் செய்தவற்றை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு கிராமத்தை விட்டுவிட்டு வந்திருந்தால் ஒருத்திக்கு வருத்தம், இன்னொருத்திக்கு அதுவே சரி. இந்த ஏற்பும் வெறுப்பும் எண்ணாகவே கணக்கில் இருக்கும். பரிசு கொடுத்துச் சமாதானப்படுத்தலாம். ஆனால் சில இடங்களில் எந்தப் பரிசும் செல்லாது. புனித அஸ்தி இருக்கும் பானையில் டிராகனின் ரத்தத்தை ஊற்றச் சொல்லி ஒரு கூட்டம் நம்மைத் தூண்டும். ஊற்றினால் அதற்குப் பலன் உண்டு. ஊற்றிய மறுகணம், பக்கத்தில் வின் என்ற முதிய வைத்தியக்காரி இருந்தால், இத்தனை நாள் நம் காயங்களை ஆற்றிய அதே கையால் நம்மை எதிர்த்துக் கோலைத் தூக்குவாள். ஸ்டென் என்ற போர்வீரன், ஊர் அழியும்போது நீ அஸ்தியைத் தேடி மலையேறுகிறாயே, இது தலைமையா என்று கேட்டு நம்மோடு மோத வருவான். அரசனைப் போர்க்களத்தில் கைவிட்டுப்போன தளபதி லோகெய்னை மன்னித்துச் சேர்த்துக்கொண்டால், கதையின் தொடக்கத்திலிருந்து கூடவே வந்த அலிஸ்டர் நம்மைவிட்டுப் போய்விடுவான். அவனுக்கு நாம் கொடுத்த வாளும் கவசமும் எத்தனை லெவலில் இருந்தாலும் சரி, அவன் நிற்க மாட்டான்.

சேதராப்பட்டு ரூமில் அலிஸ்டர் போன அன்று நாலு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அக்கா மகன் சொன்னான்: "அவன் போனதுதான் மாமா சரி. நான் அவன் எடத்துல இருந்தா நானும் போயிருப்பேன்."

என்னைப் பொறுத்தவரை ஒரு கூட்டத்தைக் கூட்டமாக்குவது இதுதான். வலிமைகளைக் கச்சிதமாகப் பொருத்தி வைத்தால் அது படை. அந்தப் படைக்குள் இருக்கும் ஒருவரால் 'முடியாது' என்று சொல்ல முடிகிறபோதுதான் அது துணை ஆகிறது. இதைச் சொல்ல நான் கனடா வரை போயிருக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் நடக்கும் நாட்களில் பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்வார், இரவில் கூத்து. வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவுக்கொரு கதை. கடைசியில் மண்ணில் துரியோதனனைப் படுக்கவைத்துப் படுகளம், பிறகு தீமிதி. விழுப்புரம், செஞ்சி, வந்தவாசி என்று தொண்டை மண்டலம் முழுக்கப் பரந்த வழக்கம் இது. பாண்டியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறி ரீயூனியன் தீவுக்குக் கரும்பு வெட்டப் போனவர்கள் இதையும் கூடவே கொண்டுபோனார்கள். அங்கே இன்றும் பாஞ்சாலிக்குத் தீ மிதிக்கிறார்கள்.

அந்தக் கூத்துகளில் பகடை துகில் ஆடும் இரவை மற்ற இரவுகளோடு சேர்க்க முடியாது. துச்சாதனன் வேஷம் கட்டியவர் சேலையில் கை வைக்கும் முன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கற்பூரம் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அம்மா, இது வேஷம், என் மேல் குற்றம் வைக்காதே என்று கும்பிட்டுவிட்டுத்தான் மறுபடி துச்சாதனன் ஆவார். மத்தளக்காரர் அப்போது வாசிக்க மாட்டார், முகவீணை மட்டும் இழுக்கும். முன்வரிசைப் பெண்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். திரௌபதியாக நிற்பது மீசை மழித்த ஒரு ஆண்பிள்ளை என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் அது யாருக்கும் நினைவில் இருக்காது. அவள் கேட்கும் கேள்விக்காகத்தான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். என்னை முதலில் தோற்றாரா, தன்னை முதலில் தோற்றாரா? தன்னையே இழந்தவனுக்கு இன்னொருத்தியை வைக்க ஏது உரிமை?

சபையில் பீஷ்மரால் பதில் சொல்ல முடியவில்லை. கௌரவர்களில் விகர்ணன் மட்டும் எழுந்து அவள் பக்கம் பேசுகிறான். பாண்டவர் பக்கத்திலிருந்து எழுகிறவன் பீமன். சகாதேவனைப் பார்த்துத் தீ கொண்டுவரச் சொல்கிறான், பகடை உருட்டிய அண்ணன் கைகளைப் பொசுக்க வேண்டும் என்று. வியாசரிடம் உள்ள இந்த இடத்தைப் பாரதி பாஞ்சாலி சபதத்தில் எடுத்து ஆண்டிருக்கும் வேகம் எல்லோரும் அறிந்தது. 1908 முதல் 1918 வரை பாண்டியில் இருந்தவர் பாரதி. பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912இல் வெளிவந்தது. அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவகமாக இருக்கும் தெருவுக்கு ஈஸ்வரன் தருமராஜா கோயில் தெரு என்று பெயர். தருமராஜாவைக் கோயிலில் வைத்துக் கும்பிடுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, தருமனின் கையை எரிக்கச் சொன்ன பீமனைப் பாடினார். கும்பிடுவதும் எதிர்த்துக் கேட்பதும் நம்மிடம் ஒரே இடத்தில்தான் இருந்திருக்கின்றன. கூத்து பார்க்கும் சனங்களுக்கு இது எளிதாகப் புரியும். பீமன் கத்தும்போது அவர்களும் கத்துவார்கள், கொஞ்ச நேரம் கழித்து அதே தருமனுக்குக் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

பீமன் தீ கேட்கிறான், அர்ச்சுனன் அவனைத் தடுக்கிறான். அந்தத் தகராறு இல்லாமல் பாண்டவர் ஐவர் வெறும் ஐந்து ஆயுதங்கள்தான்.

இன்று இந்த வகை விளையாட்டை உலகத்தில் மிக அதிகம் பேர் ஆடுவது போனில். சீனாவின் மிஹோயோ நிறுவனம் 2020 செப்டம்பரில் வெளியிட்ட கென்ஷின் இம்பாக்ட் அதில் முக்கியமானது. விலை கிடையாது, யாரும் இறக்கிக்கொள்ளலாம். நாலு பேர் கொண்ட அணி. களத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நிற்பார், ஒரு தட்டலில் அடுத்தவர் வருவார். நீர், நெருப்பு, மின்னல், பனி, காற்று, நிலம், தாவரம் என்று ஏழு சக்திகள். ஒருத்தி எதிரியை நனைத்துவிட்டுப் போவாள், அடுத்து வருகிறவன் பனியை வீச எதிரி உறைந்து நிற்பான். தனித்தனியாகச் சாதாரணமான இரண்டு பேர் சேரும்போது மூன்றாவதாக ஒன்று பிறக்கிறது. அந்த வடிவத்தின் அழகை நான் மனதார ரசிக்கிறேன். 2022 ஜனவரியில் அதில் யுன் ஜின் என்று ஒரு பாத்திரத்தைச் சேர்த்தார்கள். அவள் கூத்துக்காரி, பீகிங் ஓபரா பாடுகிறவள். அவளுக்கான பாட்டை ஷாங்காயின் ஓபரா கலைஞர் யாங் யாங் பாடினார். ஆங்கிலத்திலோ ஜப்பானிய மொழியிலோ ஆடினாலும் அந்தப் பாட்டு சீனத்தில்தான் ஒலிக்கும். தங்கள் ஊர்க் கூத்தை ஒரு போன் விளையாட்டுக்குள் வைத்து உலகத்தின் முன்னால் நிறுத்த அவர்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை. அதைக் கேட்டபோது முகவீணையும் புஜக்கட்டையும் கன்னக்கதுப்பும் கண்ணில் வந்து போயின. நம் கூத்து ஜமாக்களிடம் இருக்கும் அடவுகளுக்கும் திரை விருத்தங்களுக்கும் அப்படி ஒரு மேடை கிடைக்க வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

ஆனால் அந்த விளையாட்டில் துணைவர்கள் வந்து சேரும் வழி என்னைத் தொந்தரவு செய்கிறது. சிலர் கதையின் வழியே வருகிறார்கள். பெரும்பாலானவர்களைக் குலுக்கலில்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு விலை. அந்த விலையை விளையாடியும் சேர்க்கலாம், பணம் கட்டியும் வாங்கலாம். உயர்ந்த தரத்துப் பாத்திரம் ஒரு குலுக்கலில் விழும் வாய்ப்பு 0.6 விழுக்காடு. தொண்ணூறாவது குலுக்கலில் அப்படி ஒருவர் நிச்சயம், அவர் நாம் கேட்டவராக இல்லாமலும் போகலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் காலத்திலிருந்தே இந்த விளையாட்டுகளில் பகடை உண்டு என்பது உண்மைதான். அங்கே பகடை முடிவு செய்தது வாள் பட்டதா என்பதை. இங்கே பக்கத்தில் நிற்பவர் யார் என்பதையே அது முடிவு செய்கிறது. அஸ்தினாபுரத்துச் சபையில் தம்பிகள் எந்த வழியில் போனார்களோ அதே வழியில் இங்கே துணைவர்கள் வருகிறார்கள்.

உலகத்தில் பல அரசுகள் இந்தக் குலுக்கலைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கிவிட்டன. ஜப்பானில் குலுக்கலின் ஒரு வகைக்கு 2012லேயே தடை வந்தது. பெல்ஜியம் 2018இல் விளையாட்டுகளுக்குள் விற்கும் குலுக்கல் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டில், கென்ஷினை அங்கே வெளியிடும் நிறுவனம் 2 கோடி டாலர் கட்டவும், 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் குலுக்கல் விற்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டது. இங்கே தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பாண்டி தனி ஆட்சிப்பகுதி என்பதால் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த தடை சேதராப்பட்டுக்குப் பொருந்தவில்லை. 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம் வந்தது. அதன் குறி காசு கட்டிக் காசு எடுக்கும் ஆட்டங்கள்.

சட்டத்தை நான் குறை சொல்ல வரவில்லை. என் கவலை வேறு இடத்தில். குலுக்கலில் வந்த துணைவர் எதையும் மறுப்பதில்லை. கதைக்குள் அவருக்குக் கோபமும் துயரமும் எழுதியிருக்கிறார்கள், அதை நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் என் அணிக்குள் வந்தபின் நான் என்ன செய்தாலும் அவர் போகமாட்டார். காசு கொடுத்து எடுத்த ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டால் எடுத்தவர் சும்மா இருப்பாரா? அதனால் போகவே முடியாதபடி அவரை வடித்துவிடுகிறார்கள். விலை கொடுத்த இடத்தில் மறுப்புக்கு இடம் இல்லாமல் போகிறது. திரௌபதியின் கேள்வி சபையைக் கலங்கடித்தது இதனால்தான். வைக்கப்பட்ட பொருள் வாயைத் திறந்து பேசிவிட்டது.

டிராகன் ஏஜும் ஒரிஜின்ஸ் நின்ற இடத்திலிருந்து விலகி வந்துவிட்டது. 2024 அக்டோபர் கடைசியில் வந்த 'தி வெயில்கார்ட்' ஆட்டத்தில் கூட வருகிறவர்கள் இரண்டு பேர். அவர்கள் உடம்புக்குள் நாம் போக முடியாது, கட்டளை மட்டும் இடலாம். அவர்களுக்கு உயிர்க்கோடு கிடையாது, அடிபட்டு விழவும் மாட்டார்கள். சண்டை வேகமாக, கை நிறைய வேலையோடு ஓடுகிறது. பாசறைப் பேச்சும், கதையின் முடிவில் உயிரிழப்பும் இருக்கவே செய்கின்றன. ஆனாலும் சண்டைக்கு நடுவில், ஐயோ அவன் விழுந்துவிட்டானே என்று ஓடுகிற பதற்றம் போய்விட்டது. விழாதவரை யாரும் தூக்க வேண்டியதில்லை. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.

இந்த இடத்தில் நகுலனுக்குத் திரும்பியாக வேண்டும். வனவாசத்தின் கடைசியில் வரும் யட்சன் கதை எல்லோருக்கும் தெரிந்தது. தண்ணீர் எடுக்கப் போன தம்பிகள் நாலு பேரும் பொய்கைக் கரையில் பிணமாகக் கிடக்கிறார்கள். யட்சன் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தருமன் பதில் சொல்கிறான். நாலு பேரில் ஒருவனை எழுப்பித் தருகிறேன், யார் வேண்டும் என்கிறான் யட்சன். வியாசரிடம் தருமன் கேட்பது நகுலனை. யட்சனுக்கே வியப்பு. பத்தாயிரம் யானை பலம் கொண்ட பீமன் கிடக்கிறான், வில்லுக்கு நிகரில்லாத அர்ச்சுனன் கிடக்கிறான், மாற்றாந்தாய் பிள்ளை எதற்கு உனக்கு? குந்திக்கு நான் ஒருவன் உயிரோடு இருக்கிறேன், மாத்திரிக்கும் ஒருவன் வேண்டும் என்கிறான் தருமன்.

இரு தாய்மாருக்கும் சம நியாயம் என்று இதைப் பிரசங்கியார்கள் விளக்குவார்கள், அது சரியான விளக்கம்தான். எனக்கு அதற்கு அடியில் இன்னொன்றும் கேட்கிறது. சபையில் முதலில் வைத்து இழந்தது இதே நகுலனைத்தான். மாத்திரி பிள்ளைகள் உனக்கு மட்டம்தானே என்ற சகுனியின் சொல் பன்னிரண்டு வருடக் காட்டு வாழ்க்கையிலும் அவன் காதில் ஒலித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். மறுபடி ஒரு தேர்வு வந்ததும், முதலில் விட்டவனை முதலில் கேட்கிறான். வியாசர் எங்கும் இந்த இரண்டு இடங்களையும் முடிச்சுப் போட்டுச் சொல்லவில்லை. நான்தான் சேர்த்துப் பார்க்கிறேன். ஆனால் இதைச் சேர்த்துப் பார்த்த பிறகு தருமன் மேல் எனக்கிருந்த கசப்பில் பாதி கரைந்துபோனது. தம்பிகளைப் பொருளாக வைத்தவன் அந்தக் கரையில் நின்று, பலக் கணக்கை முழுதாகத் தள்ளி வைத்துவிட்டுப் பேசுகிறான்.

அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"நகுலன எழுப்பிட்டு, அப்புறம் பதினெட்டு நாள் சண்டைய யார வெச்சு மாமா ஜெயிக்கிறது? பீமன் இல்லாம துரியோதனன் தொடைய யாரு ஒடைப்பா?"

"அததாண்டா யட்சனும் கேட்டான்."

"கேட்டான் சரி. கடைசியில நாலு பேரையும் எழுப்பிட்டானே. நல்ல பதில் சொன்னா எல்லாம் கெடைக்கும்னு தருமனுக்கு ஒரு நெனப்பு இருந்திருக்கும்."

"தெரியாதுடா. கேக்கும்போது அது அவனுக்குத் தெரியவே தெரியாது."

அவன் யோசித்தான். அந்த விளையாட்டுகளில் எந்தப் பெரிய முடிவுக்கு முன்னாலும் சேவ் செய்து வைத்துக்கொள்ளலாம். ஒன்றைத் தேர்ந்து பார்த்து, விளைவு பிடிக்கவில்லையென்றால் பழைய இடத்துக்கே திரும்பி வேறொன்றைத் தேரலாம். பாதிப் பேர் அப்படித்தான் ஆடுகிறார்கள். அலிஸ்டர் போனபோது பக்கத்து ரூம் பையன் ஒருவன், லோகெய்னைக் கொன்றுவிட்டால் அலிஸ்டர் இருப்பான், பழைய சேவை எடு என்று சொல்லியிருக்கிறான். நாலு பேரும் கூடிப் பேசி வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். மன்னித்தது மன்னித்ததுதான், போனவன் போனவன்தான் என்று.

அவர்களுடைய கதை இப்போது தலைநகரமான டெனெரிமில் நடக்கப்போகும் கடைசிப் போருக்கு முன்னால் வந்து நிற்கிறது. எதிரியாக இருந்த லோகெய்ன் அணியில் இருக்கிறான். வின் இருக்கிறாள், வேட்டை நாயும் இருக்கிறது. அந்த ஆட்டத்தில் நாயும் அணியில் ஒரு முழு ஆள். பெரிய டிராகனைக் கடைசியாக வெட்டும் வீரன் அந்தக் கணத்திலேயே செத்துப்போவான் என்பது விதி. நாம் வெட்டலாம், லோகெய்னை வெட்டச் சொல்லலாம். மாரிகன் என்ற மந்திரக்காரி சொல்லும் ஒரு சடங்குக்கு ஒத்துக்கொண்டால் யாரும் சாக வேண்டாம், ஆனால் அந்தச் சடங்கில் பிறக்கப்போவது என்ன என்பது தெரியாது. அரசனைக் கைவிட்டவன்தானே, லோகெய்ன் சாகட்டும் என்று ரூமில் இரண்டு பேர் சொல்கிறார்கள். அவனை மன்னித்துச் சேர்த்தது சாகடிக்கத்தானா என்று கேட்கிறான் மூன்றாமவன். அக்கா மகன் இந்த வாரம் நைட் ஷிப்டு. ஞாயிற்றுக்கிழமைதான் நாலு பேரும் ஒன்றாக ரூமில் இருப்பார்கள், அதுவரை தொடக்கூடாது என்று லேப்டாப்பை மூடி வைத்திருக்கிறார்கள்.